வாடகை மின்சார ஸ்கூட்டரில் வேலைக்குப் போகும் மகள்: விடலாமா, தடுக்கலாமா?

கேள்வி: எனக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஊர். மகளுக்கு 22 வயது. கோவை சரவணம்பட்டியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. கணபதியில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள். ஆபீசுக்கு 5 கி.மீ. முதலில் டவுன் பஸ்ஸில் போய் வந்தாள். இப்போது செல்போன் செயலியில் பணம் கட்டி, தெருமுனையில் நிற்கும் மின்சார ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போகிறாள். லைசென்ஸ் வேண்டாம், ஹெல்மெட் வேண்டாம், மெதுவாகத்தான் போகும் என்கிறாள். ஊரில் சைக்கிள் ஓட்டியதோடு சரி. பாட்டரி வெடிக்கிறது என்று செய்தியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. போன வாரம் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, நாய் குறுக்கே வந்து விழப் பார்த்தேன் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் மறைத்துவிட்டாள். மாதத்தில் பத்து நாள் இரவு ஷிப்ட் வேறு. வேண்டாம் என்றால், "உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்கிறாள். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு பயம் இருக்கிறது. ஒன்று பாட்டரி. இன்னொன்று, போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்ட பிரேக். பாட்டரி பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். பிரேக் விஷயத்தை மட்டும் இன்று இரவே மகளிடம் பேசிவிடுங்கள்.

26 வருடமாக விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அறிக்கை எழுதுவது என் வேலை. சர்வேயர் என்பார்கள். வண்டி எப்படி விழுந்தது, எது உடைந்தது, உடைந்ததால் விழுந்ததா, விழுந்ததால் உடைந்ததா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். மின்சார வண்டிகள் என் மேசைக்கு வரத் தொடங்கிய இந்தச் சில வருடங்களில், தீப்பிடித்த வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிரேக், டயர், குழி, வேகத்தடை, தலையில் ஹெல்மெட் இல்லாதது ஆகியவற்றால் வந்தவைதான் மற்றதெல்லாம்.

முதலில் அந்த "லைசென்ஸ் வேண்டாம்" என்பதைப் பேசிவிடலாம். உங்கள் மகள் சொல்வது பொய் இல்லை. 250 வாட்டுக்குக் குறைவான மோட்டார், மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவான வேகம், பாட்டரியை நீக்கிப் பார்த்தால் 60 கிலோவுக்கு மிகாத எடை, இந்த மூன்றும் பொருந்தினால் மத்திய மோட்டார் வாகன விதிகள்படி அது மோட்டார் வாகனமே இல்லை. மோட்டார் வாகனம் இல்லை என்றால் பதிவு எண் கிடையாது, லைசென்ஸ் கேட்க முடியாது, ஹெல்மெட் போடாததற்கு 1,000 ரூபாய் அபராதமும் எழுத முடியாது. சட்டத்தின் கண்ணில் அது கிட்டத்தட்ட சைக்கிள்.

அதே காரணத்தால் கட்டாய இன்சூரன்சும் கிடையாது. இந்தப் பாதியைப் பிள்ளைகள் யாரும் காதில் வாங்குவதில்லை. சட்டம் கேட்கவில்லை என்பதால் ரோடு கேட்காமல் விடாது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் கீழே விழுந்தால், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 19 கி.மீ.க்கு மேல். ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பவர் தலை ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. வண்டி நகராமல் நின்றுகொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் சாய்ந்து, தலை கல்லில் மோதினால் அந்த வேகத்தில் மோதும். மெதுவாகத்தான் போகும் என்பது தலைக்குப் பொருந்தாது. ஹெல்மெட் கேட்பது போலீஸ்காரருக்காக இல்லை என்பதை உங்கள் அம்மிணிக்கு இந்த ஒரு கணக்கை வைத்தே சொல்லிவிடலாம், ஐ.டி. படித்த பெண், கணக்குச் சொன்னால் கேட்டுக்கொள்வாள்.

இப்போது பிரேக்.

இரண்டு வருடத்துக்கு முன் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஷெட்டில் இந்த மாதிரி மெதுவேக வாடகை ஸ்கூட்டர் ஒன்றைப் பார்க்கப் போனேன். ஓட்டிய பையனுக்கு 19 வயது, கல்லூரி மாணவன். வேகத்தடையைக் கடைசி நேரத்தில் பார்த்துப் பிரேக் பிடித்தானாம், வண்டி நிற்கவில்லை. மணிக்கட்டு உடைந்து, தாடையில் ஆறு தையல். இடது பக்க லீவரை நான் அழுத்தினேன். விரல் ஹேண்டில் பிடியில் போய் ஒட்டியது; நடுவில் எந்தத் தடையும் இல்லை. கேபிளின் மேலுறை ஓரிடத்தில் கிழிந்து மழைத் தண்ணீர் உள்ளே போயிருந்தது. உருவிப் பார்த்தபோது காவி நிறத்தில் துரு, முறுக்கிய கம்பி இழைகளில் பாதிக்கு மேல் அறுந்து சுருண்டு நின்றன. இது ஒரே நாளில் ஆகிற வேலை இல்லை. வாரக்கணக்கில் ஆகியிருக்க வேண்டும். பையனோடு படிக்கும் இன்னொருவன் தன் செல்போனைக் காட்டினான். இரண்டு நாளுக்கு முன் அதே வண்டியை அவன் எடுத்திருக்கிறான். "பிரேக் லூஸ்" என்று செயலியில் புகாரும் பதிந்திருக்கிறான். "தகவலுக்கு நன்றி" என்று பதில் வந்திருக்கிறது. வண்டி அதே இடத்தில் நின்றிருக்கிறது, மறுநாள் வேறொருவர், அதற்கடுத்த நாள் இந்தப் பையன்.

அந்த ஷெட்டில் நின்றபோது எனக்கு ஏற்பட்ட கோபம் இன்னும் போகவில்லை.

சொந்த வண்டி வைத்திருப்பவருக்கு அதன் உடம்பு தெரியும். காலையில் எடுக்கும்போதே "என்ன, இன்னிக்கு முன் பிரேக் கொஞ்சம் மெத்துன்னு இருக்கே" என்று கை சொல்லிவிடும். சாயங்காலம் மெக்கானிக்கிடம் நிறுத்திவிட்டு வருவார். பகிர்வு வண்டியை ஒரு நாளில் பத்துப் பேர் ஓட்டுகிறார்கள். நேற்று இரவு யார் கீழே போட்டார்கள், யார் மூன்று பேராக ஏறிப் போனார்கள், யார் குழியில் இறக்கி முன் ஃபோர்க்கை வளைத்தார்கள் என்று வண்டி சொல்லாது. தினமும் காலையில் உங்கள் மகள் ஏறுவது முன்பின் தெரியாத ஒரு வண்டியில். மாடல் ஒன்றாக, நிறம் ஒன்றாக இருப்பதால் நேற்றைய வண்டிதான் என்று கை நம்பிவிடுகிறது. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

பிரேக் பிடிக்காமல் போவது மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். 2019 ஏப்ரலில் நியூயார்க் நகரத்தின் பகிர்வு சைக்கிள் சேவையான சிட்டி பைக், மின்மோட்டார் பொருத்திய சுமார் 1,000 சைக்கிள்களைத் தெருவிலிருந்து எடுத்துவிட்டது. காரணம், முன் பிரேக் எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பிடித்தது. முன் சக்கரம் சட்டென்று நின்றால் ஓட்டுபவர் ஹேண்டிலைத் தாண்டி முன்னால் போய் விழுவார். ஒரு வண்டியில் லீவரைப் பாதி அழுத்தினால் போதும், இன்னொன்றில் முழுக்க அழுத்த வேண்டும். பழகாத கைக்கு இரண்டும் ஆபத்துதான்.

வண்டியைத் திறந்ததும், நகர்த்துவதற்கு முன்னால் மகள் இரண்டு நிமிடம் செலவு செய்யட்டும். மோட்டாரை ஆன் செய்யாமல் இரண்டு லீவரையும் ஒவ்வொன்றாக அழுத்தி, வண்டியை முன்னால் தள்ளிப் பார்க்கட்டும். முன் பிரேக்கைப் பிடித்தால் முன் சக்கரம் அசையக் கூடாது. பின் பிரேக்குக்கும் அப்படியே. லீவர் ஹேண்டில் பிடியைத் தொட்டால் வேறு பேச்சே வேண்டாம், அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். டயரை ஒரு பார்வை: பட்டன் தேய்ந்து நடுவில் வழவழவென்று இருக்கிறதா, கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்குகிறதா. ஹேண்டிலை இடமும் வலமுமாகத் திருப்பினால் தட்டுத் தடங்கல் இருக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரை முறுக்கி விட்டால் தானாகத் திரும்பி வர வேண்டும். ஒட்டிக்கொண்டு நிற்கிற ஆக்சிலரேட்டர் பிரேக் இல்லாத வண்டியைவிட மோசம்.

இன்னொரு சோதனை உண்டு, பெரும்பாலும் மெக்கானிக்குகள் செய்வது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரம் தரையில் படாதபடி, மெதுவாக முறுக்கினால் சக்கரம் சுற்றும். அப்படிச் சுற்றும்போது பிரேக் லீவரை லேசாகத் தொட்டாலே மோட்டாருக்குப் போகும் மின்சாரம் நின்றுவிட வேண்டும். லீவருக்குள் அதற்கென்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. அது பழுதானால் பிரேக் ஒரு பக்கம் இழுக்க, மோட்டார் மறுபக்கம் தள்ளும். தினமும் வேண்டாம், சந்தேகம் வந்த அன்றைக்குப் பார்த்தால் போதும்.

கிளம்பியதும் முதல் இருபது அடிக்குள் ஒருமுறை பிரேக் பிடித்து நிறுத்திப் பார்ப்பது நல்ல பழக்கம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 7 மீட்டர் போகிறது. நாயைப் பார்த்து விரல் லீவருக்குப் போவதற்குள் அந்த 7 மீட்டர் போய்விடும். அதற்கு மேல் நல்ல பிரேக் என்றால் ஒரு 4 மீட்டரில் வண்டி நிற்கும். தளர்ந்த பிரேக் என்றால் 8 மீட்டர் கேட்கும். நடுவில் இருக்கிற வித்தியாசம் ஒரு காரின் நீளம். உங்கள் மகளுக்குக் குறுக்கே வந்த நாய் அந்தக் கார் நீளத்துக்குள்தான் தப்பித்திருக்கிறது.

சைக்கிள் மட்டுமே ஓட்டியவர்கள் செய்யும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். மின்சார வண்டியில் சத்தம் இல்லை. ஆன் ஆகியிருப்பதே தெரியாது. நிறுத்திய இடத்திலிருந்து பின்னால் இழுக்க ஹேண்டிலைப் பிடிக்கும்போது வலது கை தெரியாமல் முறுக்கிவிடும். பெட்ரோல் வண்டி உறுமி எச்சரிக்கும். மின்மோட்டாருக்கோ நின்ற நிலையிலேயே இழுவை அதிகம், சட்டென்று பாயும். சுவரில் இடித்தவர்களையும் முன்னால் நின்ற குழந்தையை இடித்தவரையும் பார்த்திருக்கிறேன். வண்டியை நகர்த்தி முடித்து, உட்கார்ந்த பிறகுதான் ஆன் செய்ய வேண்டும்.

பாட்டரிக்கு வருகிறேன். பயம் ஆதாரமில்லாதது இல்லை. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தகப்பனும் மகளும் இறந்துபோனார்கள். அந்த வருடம் நாடு முழுக்க இப்படிச் சில தீ விபத்துகள் நடந்த பிறகுதான் மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்ற பாட்டரிப் பாதுகாப்புத் தரத்தைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலும் இரண்டு கட்டமாக அது நடைமுறைக்கு வந்தது. பாட்டரிக்குள் அடுக்கியிருக்கும் செல்களில் ஒன்றில் தீ வந்தாலும் வண்டியில் இருப்பவர் தப்பிக்க முன்கூட்டி எச்சரிக்கை வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அது பதிவெண் பெறும் வண்டிகளை மனதில் வைத்து வந்த தரம். மெதுவேக வண்டியின் பாட்டரி எந்தத் தரத்தில் சோதிக்கப்பட்டது என்பதை வாடகைக் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும்.

வேலூரில் நடந்ததை மறுபடி படித்துப் பாருங்கள். ஓட்டும்போது இல்லை; வீட்டுக்குள், இரவில், சார்ஜில். பகிர்வு வண்டிகளில் பெரும்பாலும் கம்பெனி ஆட்களே வந்து பாட்டரியை மாற்றிவிட்டுப் போகிறார்கள், அதனால் இந்த ஆபத்து உங்கள் மகள் அறைக்குள் வருவதில்லை. மாத வாடகைக்கு எடுத்து, பாட்டரியைக் கழற்றி விடுதி அறையில் சார்ஜ் போடும் திட்டம் என்றால் மட்டும் தடுத்துவிடுங்கள். விடுதி மாடிப்படிக்குக் கீழே நிறுத்திச் சார்ஜ் போடுவதும் வேண்டாம். தீ வந்தால் எல்லோரும் இறங்க வேண்டிய வழியே அடைபட்டுப் போகும். பாட்டரி உப்பியிருந்தாலோ, காரமான ஒரு ரசாயன வாசம் வந்தாலோ, இருக்கைக்கடியில் தொட முடியாத சூடு இருந்தாலோ வண்டியை விட்டுத் தள்ளி நின்று 101-க்கோ 112-க்கோ அழைக்கட்டும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அணைக்கப் போக வேண்டாம். அணைந்த மாதிரி தெரிந்து மறுபடி பற்றும், அந்தப் புகை நச்சு.

நம் ஊர் மோட்டாரைக் கண்டு பயப்படும் ஊர் இல்லையம்மா. நாட்டின் முதல் மின்மோட்டார் 1937-ல் கோவையில்தான் செய்யப்பட்டது. ஆம்பியர் என்ற மின்சார ஸ்கூட்டர் கம்பெனி 2008-ல் இங்கேதான் தொடங்கியது. சரியாகச் செய்து, சரியாகப் பராமரித்த மின்வண்டி நல்ல வண்டி. என் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. எனக்குச் சண்டை பராமரிப்பு இல்லாமல் தெருவில் விடும் வியாபாரத்தோடுதான். 2018-ல் மஞ்சள் நிறப் பகிர்வு சைக்கிள்கள் நம் தெருக்களுக்கு வந்ததை உங்கள் மகள் பார்த்திருக்க மாட்டாள். வந்த வேகத்திலேயே, அதே வருடம் அந்தக் கம்பெனி இந்தியாவை விட்டுப் போய்விட்டது. வண்டியை இறக்குவதற்குப் பணம் சுலபமாகக் கிடைக்கிறது. கேபிள் மாற்றும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் யாருக்கும் மனசு வருவதில்லை.

வழி எது என்பதிலும் யோசனை இருக்கிறது. கணபதியிலிருந்து சரவணம்பட்டிக்கு நேர்வழி சத்தி ரோடு. சத்தியமங்கலம், அன்னூர் பஸ்களும் லாரிகளும் 60 கி.மீ. வேகத்தில் போகிற ரோட்டில் 25 கி.மீ. வண்டி ஒரு தடைக்கல் மாதிரி. பின்னால் வருகிற பஸ் டிரைவர் கடைசி நேரத்தில் ஒதுங்குவார், காற்று தள்ளும், ஓரத்தில் மண். அத்திப்பாளையம் பிரிவில் திரும்பிச் சின்னவேடம்பட்டி வழியாகப் போனால் சுற்று அதிகம், பகலில் எனக்கு அதுவே சம்மதம். இரவில் உள்வழி இருட்டு, நாய்கள் கூட்டமாக இருக்கும், வேகத்தடைக்கு வெள்ளைக் கோடும் இருக்காது. பகலுக்கு ஒரு வழி, இரவுக்கு ஒரு வழி என்று வைப்பதைவிட இரவில் வண்டியே வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

இதற்கு மகள் கையை விரிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் இயங்க அனுமதிக்கும் அரசாணையிலேயே, இரவு 8 மணிக்கு மேல் காலை 6 மணி வரை பெண்களை வேலைக்கு வைத்தால் அவர்களிடம் எழுத்துப்பூர்வச் சம்மதம் வாங்க வேண்டும், ஷிப்டில் வேலை செய்யும் பெண்களுக்குப் போக்குவரத்து ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இருக்கிறது. அலுவலக மனிதவளப் பிரிவில் கேப் வேண்டும் என்று மின்னஞ்சலில் கேட்கட்டும். வாயால் கேட்டால் மறந்துபோவார்கள்.

மழை நாளில் எடுக்கவே வேண்டாம். சக்கரம் சின்னது, தண்ணீர் நிற்கிற குழியின் ஆழம் தெரியாது, விழுந்தால் சக்கரம் உள்ளே போய்விடும். லங்கா கார்னர் மாதிரி சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்கும்போது உள்ளே இறக்கினால், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் பெட்டியில் தண்ணீர் புகுந்து வண்டி நடுவில் நின்றுவிடும். சார்ஜ் 30 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் எடுக்காமல் இருப்பதும் அதே காரணத்துக்குத்தான். சில கம்பெனிகளில் குறித்த எல்லையைத் தாண்டினால் வண்டியின் வேகம் தானாகக் குறைந்துவிடும். அந்த எல்லை எது என்று முன்பே வரைபடத்தில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்; நடுரோட்டில் தெரிந்துகொள்ளக் கூடாது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். பெற்றோர்கள் இதை மட்டும் கடைசியில்தான், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டுதான் கேட்கிறார்கள்.

உங்கள் மகள் மேல் ஒரு பஸ்ஸோ காரோ மோதினால், அந்த வண்டியின் தர்ட் பார்ட்டி இன்சூரன்சிலிருந்து மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம். அவள் ஓட்டியது மெதுவேக வண்டி என்பது அதற்குத் தடை இல்லை. இடித்தது எந்த வண்டி என்றே தெரியாமல் போனால், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம் என்று அரசுத் திட்டம் இருக்கிறது. ஆனால் தானே சறுக்கி விழுந்தால்? அல்லது அவள் ஒரு வயதானவரை இடித்துவிட்டால்? மெதுவேக வண்டிக்குக் கட்டாய இன்சூரன்ஸ் இல்லாததால், இடிபட்டவர் வழக்குப் போட்டால் பணம் உங்கள் பக்கத்திலிருந்து போக வேண்டியிருக்கும். கவனக்குறைவாக ஓட்டினால் வரும் குற்ற வழக்கு எந்த வண்டிக்கும் பொது. அதற்கு 25 கி.மீ. விலக்கு கிடையாது.

கொஞ்சம் வேகமான, பச்சை நம்பர் பிளேட் போட்ட வாடகை வண்டிக்கு மாறினால் நிலைமை கொஞ்சம் மேல். லைசென்ஸ், ஹெல்மெட் கட்டாயம், மற்றவர்களுக்கான இன்சூரன்ஸ் இருக்கும். ஆனால் ஓட்டுகிறவருக்கு? இரவல் வண்டியை ஓட்டுபவர் அந்த நேரத்துக்கு வண்டி உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், அவரை மூன்றாம் நபராகக் கொள்ள முடியாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. வாடகை வண்டி வழக்குகளிலும் இன்சூரன்ஸ் தரப்பு அந்த வாதத்தைத்தான் எடுத்து வைக்கும். அதனால் மகள் பெயரில் தனியாக விபத்துக் காப்பீடு இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு வழியாக வருடம் 20 ரூபாய்க்குப் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனா இருக்கிறது. மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம். ஆஸ்பத்திரிச் செலவை அது தராது, அதற்குக் கம்பெனி கொடுக்கும் குழுக் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறாளா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் போதும்.

தோழியின் செயலிக் கணக்கில் வண்டி எடுத்து ஓட்டுகிறாளா என்று கேளுங்கள். விடுதிகளில் இது சகஜம், ஒருத்தி கணக்கில் நான்கு பேர் ஓட்டுவார்கள். வாடகைக் கம்பெனி ஏதாவது காப்பீடு கொடுத்தாலும் அது பதிவு செய்தவருக்கு மட்டும்தான். பின்னால் இன்னொருவரை ஏற்றினாலும் அப்படித்தான் கையை விரிப்பார்கள். என் மேசையில் நிராகரித்த கிளைம்களில் இந்த இரண்டு காரணங்களும் அடிக்கடி வரும், ஒவ்வொன்றையும் எழுதும்போது அந்தப் பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்து மனசு கனத்துப்போகும்.

அடிபட்டுவிட்டால் முதலில் 108. தமிழ்நாட்டில் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வரம்புக்கு உட்பட்டு அரசே செலவை ஏற்கும். எந்த ஆஸ்பத்திரியானாலும் ஏ.ஆர். காப்பி என்று சொல்லப்படும் விபத்துப் பதிவேட்டு நகலில் "வண்டியில் சென்றபோது" என்று உண்மை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போலீஸ் வம்பு எதற்கு என்று பயந்து "மாடிப்படியில் விழுந்தாள்" என்று சொல்லிவிட்டு, பிறகு என்னிடம் வந்து அழுதவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு வரியை அப்புறம் யாராலும் மாற்ற முடியாது. வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக் லீவர், டயர், வண்டி எண், ரோடு எல்லாம் தெரியும்படி நான்கு படம் எடுத்துக்கொண்டால் என் மாதிரி ஆளுக்குப் பாதி வேலை முடிந்தது.

இப்போது உங்கள் கேள்வி: விடலாமா, தடுக்கலாமா. தடுத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஏற்கெனவே ஒன்றை மறைத்திருக்கிறாள். அடுத்து விழுந்தால் அதையும் மறைப்பாள், தம்பியிடமும் சொல்ல மாட்டாள். பஸ் வராத நேரத்தில் யாராவது பைக்கில் பின்னால் ஏறிப் போவாள், அதற்கும் ஹெல்மெட் இருக்காது. விடுங்கள், ஆனால் சும்மா விடாதீர்கள். பகலில் மட்டும், மழை இல்லாத நாளில், தனியாக, சொந்தக் கணக்கில், சொந்த ஹெல்மெட்டோடு. லைசென்ஸ் தேவை இல்லாவிட்டாலும் எல்.எல்.ஆர். போட்டு, 30 நாள் கழித்து எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிவிடச் சொல்லுங்கள். எட்டுப் போடுவதற்காகப் பழகும் அந்த இரண்டு வாரம், மெதுவேகத்தில் வண்டியைச் சாயாமல் திருப்பக் கற்றுக்கொடுக்கும். சைக்கிளோடு நின்ற கைக்கு அது அவசியம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சத்தி, புளியம்பட்டி, அன்னூர் வழி பஸ்ஸில் ஏறினால் சரவணம்பட்டியிலேயே இறங்கலாம். அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட, ஐ.எஸ். 4151 என்று அச்சிட்ட ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள். தலையில் போட்டுக் கொக்கியை மாட்டிய பிறகு, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினால் நெற்றித் தோல் கூடவே நகர வேண்டும்; ஹெல்மெட் மட்டும் சுற்றினால் சைஸ் பெரிது. பிறகு தெருமுனைக்குப் போய், அவளை ஒரு வண்டியைத் திறக்கச் சொல்லி, நான் மேலே எழுதியதை அவளே உங்களுக்குச் செய்து காட்டட்டும். திட்ட வேண்டாம், பக்கத்தில் நின்று பாருங்கள். லீவரை நீங்களும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

அன்றைக்கே வாடகைக் கம்பெனிக்கு மூன்று கேள்விகளை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பிரேக் புகார் வந்த வண்டியை எத்தனை மணி நேரத்தில் தெருவிலிருந்து எடுக்கிறீர்கள்? பாட்டரி எந்தத் தரத்தில் சோதிக்கப்பட்டது? ஓட்டுபவருக்கு விபத்துக் காப்பீடு உண்டா, எவ்வளவு, எந்த நிபந்தனையில்? பதில் வந்தால் அதை அப்படியே எனக்கு அனுப்புங்கள். நிபந்தனைகளை வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன். ஒரு வாரத்தில் பதில் வரவில்லை என்றாலும் எழுதுங்கள், அப்போது அவள் வேறு வண்டி பார்ப்பது பற்றிப் பேசுவோம்.